அளவே ஆயுள்



லால்பேட்டையில் பேருந்தை விட்டு இறங்கி, விடியற்காலையில் ஏரிக்கரையின் குளிர்ந்த காற்றை நுகர்ந்து, காட்டுமன்னார்கோயிலை நோக்கி நடந்து வந்து வீரநாராயணப் பெருமாளைச் சேவிப்பது அடியேனுக்குப் பல்லாண்டுப் பழக்கம். ஒருபுறம் கடல்போல் விரிந்த ஏரி; மறுபுறம் பசும்பட்டு விரித்தாற்போன்ற வயல்கள்; இடையே வெற்றிலைக் கொடிக்கால்கள். லால்பேட்டைப் பள்ளிவாசலிலிருந்து வைகறைத் தொழுகைக்கான அழைப்பு எழும் வேளையிலேயே இங்கே பெருமாள் திருக்கோயிலிலும் திருக்காப்பு நீங்கும். ஊரார் அனைவரையும் துயிலெழுப்பும் அந்த வேளையின் இனிமையை அனுபவித்தவர்களே அறிவர்.

இத்திருவிழாவில் அடியேனுடன் நின்று பிரபந்தம் சேவித்த நண்பர் நால்வர். இவ்வாண்டு அவர்களுள் ஒருவரே வந்திருக்கிறார். ஒருவர் அறுபத்தொன்றாம் வயதில் மாரடைப்பால் திருநாடு அலங்கரித்தார். மற்றொருவர் பக்கவாதத்தால் கட்டிலில் கிடக்கிறார். பாசுரம் சொல்ல அவருக்கு நா எழவில்லை. மூன்றாமவர் சர்க்கரை நோய் முற்றிய நிலையில் ஒரு காலை இழந்தார்; புறப்பாட்டின் பின்னே நடக்க முடியாத துயரத்தால் வீட்டிலேயே இருந்துவிட்டார். மூவரும் நல்லவர்கள்; பக்தியில் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். அவர்களுக்கு நேர்ந்தது விதியின் செயல் என்று சொல்லி அமைந்துவிடலாம். ஆயினும் அதனை மட்டும் சொல்லி அமைவது முறையாகுமா என்ற வினா அடியேனை விடாது தொடர்கிறது. ஏனெனில் அடியேனுக்கும் ஐம்பத்தெட்டாம் வயதில் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. அந்நாள் முதல் இது பற்றிக் கற்றதையும் கேட்டதையும் கைக்கொண்டு கண்டதையும் அடுத்த ஆண்டும் இங்கே வந்து சேர விரும்பும் அடியார்கள்பொருட்டு இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

ஏரி கற்பிக்கும் பாடம்

முதலில், நம் கண்ணெதிரே கிடக்கும் ஏரியையே ஆசிரியராகக் கொள்வோம். முதற் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்பது சிறப்புப் பெயர். அவன் மகன் இராசாதித்தன் பத்தாம் நூற்றாண்டில் இந்த ஏரியை எடுப்பித்துத் தந்தையின் பெயரைச் சூட்டினான் என்பர். அப்பெயரே மக்கள் நாவில் வீராணம் ஆயிற்று. இராசாதித்தன் 949ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் மடிந்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவன் எடுத்த ஏரி மடியவில்லை. இன்றும் நாற்பத்து நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வாழ்விக்கிறது. 2004ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகர மக்களின் தாகத்தையும் தணித்து வருகிறது.

இந்த நீண்ட ஆயுளின் இரகசியம் யாது? கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக ஏரிக்கு நீர் வருகிறது. மதகுகளின் வழியாக வயல்களுக்குச் செல்கிறது. நீர்மட்டம் 47.50 அடியை எட்டினால் ஏரி நிறைந்ததாகக் கணக்கு. மழைக்காலத்தில் அம்மட்டத்தை மீறாதபடி, லால்பேட்டை அருகேயுள்ள வெள்ளியங்கால் ஓடை முதலிய வழிகளில் உபரி நீரைத் திறந்து விடுவர். வரவு அறிந்து செலவு, செலவு அறிந்து வரவு என்பதே ஏரி காப்போரின் நியதி. நீர் மிகுந்தால் கரை உடையும். குறைந்தால் பயிர் கருகும். இரண்டும் நேராமல் அளவைக் காத்தவர்களின் கைவண்ணத்தால் ஏரி வாழ்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெள்ளத்தோடு வண்டலும் வருகிறது. ஒரு நாளில் படியும் வண்டல் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆண்டுகள் பல கடந்தபின் பார்த்தால் ஏரியின் கொள்ளளவு குறைந்திருக்கிறது. நம் உடலின் இரத்தக் குழாய்களிலும் இவ்வாறே கொழுப்பு படிகிறது. நேற்று உண்ட ஒருபிடி மிகையுணவால் நேற்று எவரும் நோயுறவில்லை. இன்று நடவாத நடையினால் இன்று எவரும் வீழவில்லை. ஆயினும் முப்பது ஆண்டுகள் கழித்து ஒருநாள் திடீரென்று நெஞ்சு வலிக்கிறது. திடீரென்று வந்தது வலிதானே அன்றி நோய் அன்று. நோய் நாள்தோறும் வந்தது. ஆகவே அதனைத் தடுக்கும் முயற்சியும் நாள்தோறும் நிகழ்தல் வேண்டும். இக்கட்டுரை சொல்லவந்த பொருள் இவ்வளவே. எஞ்சியவை இதற்கு விளக்கம்.

நாதமுனிகள் காட்டிய நெறி

இந்த ஏரிக்கரையூரில் அவதரித்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். ஆனி அனுஷம் அவர் திருநக்ஷத்திரம். திருக்குடந்தை ஆராவமுதனைப் பற்றிய பத்துப் பாசுரங்களை யாத்திரிகர் சிலர் பாடக் கேட்டு, ஆயிரத்துள் அவை பத்து என்று அறிந்து, எஞ்சியவற்றைத் தேடிப் புறப்பட்டார் என்பது நாம் அனைவரும் அறிந்த வரலாறு. குடந்தை சென்றார், அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள திருக்குருகூர் சென்றார். அங்கே புளியமரத்தடியில் யோகத்தில் அமர்ந்து, கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு சேவித்தார் என்று குருபரம்பரை கூறும். அப்பிரபந்தத்தில் உள்ளவை 11 பாசுரங்கள். ஆகவே அவர் திருவாய் மலர்ந்தவை 1,32,000 பாசுரங்கள் ஆகும்.

பக்தியின் பெருமையைக் காட்டவே இவ்வரலாற்றைச் சொல்வது வழக்கம். ஈண்டு வேறொரு கோணத்திலும் காண்போம். அத்தனை தொலைவு நடப்பதற்குக் கால் வேண்டும். அத்தனை நாள் அசையாது அமர்வதற்கு முதுகு வேண்டும். அத்தனை உரு சொல்வதற்கு மூச்சு வேண்டும். யோகத்தில் தேர்ந்தவராகிய நாதமுனிகளிடம் இவை மூன்றும் இருந்தன. அவர் அருளிய நூல்களுள் ஒன்றின் பெயரே யோக ரகசியம். அந்த யோகத்தைத் தம் சீடராகிய குருகைக் காவலப்பனுக்கு அவர் உபதேசித்தார் என்பதும் மரபு. உடலைப் பேணுவது உலோகாயதம் என்று எண்ணுவோர் நம்முள் உண்டு. திவ்வியப் பிரபந்தம் நம் கைக்குக் கிடைத்ததற்கு நாதமுனிகளின் திருமேனியும் ஒரு காரணம் என்பதை அவர்கள் சிந்திப்பாராக.

யோகம் என்றால் பட்டினியும் கடுந்தவமும் என்று கருதுவதும் பிழையே. கண்ணன் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் இதனைத் தெளிவாக விலக்குகிறான். மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாமலே கிடப்பவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காமலே விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்பதும், உணவு, நடமாட்டம், தொழில், உறக்கம், விழிப்பு ஆகியவற்றில் அளவு காப்பவனுக்கே அது துன்பம் துடைக்கும் என்பதும் அங்கே அவன் அருளிய கருத்து. வள்ளுவர் பெருமானும் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பத்துக் குறள்களுள் ஆறு, உண்ணும் முறையையே பேசுகின்றன. மூலிகையின் பெயரோ சூரணத்தின் பெயரோ அங்கே இல்லை. வடமொழி மறையும் தமிழ் மறையும் அளவு என்னும் ஒரே மருந்தையே நம் கையில் தருகின்றன.

நம் காலத்துச் சான்று

பழங்கதை போதுமா, நம் காலத்தில் இதற்குச் சான்று உண்டா என்று இளைஞர்கள் வினவலாம். உண்டு. நாதமுனிகளின் வழித்தோன்றல் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஸ்ரீவைஷ்ணவப் பெரியார் திருமலை கிருஷ்ணமாசாரியார் 1888ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், இன்றைய கருநாடகத்தின் சித்திரதுர்க்கா மாவட்டத்திலுள்ள முசுகுந்தபுரத்தில் பிறந்தார். பதினாறாம் வயதில் ஆழ்வார்திருநகரிக்குச் சென்றபோது நாதமுனிகளின் யோக ரகசியம் தமக்கு அருளப்பெற்றதாக அவர் கூறுவார். மைசூர் மன்னரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். 1934இல் யோக மகரந்தம் என்னும் நூலைக் கன்னடத்தில் வெளியிட்டார். பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்து, முதுமையிலும் கற்பித்து வந்தார்.

தொண்ணூற்றாறாம் வயதில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சையை மறுத்து, படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைத் தாமே வகுத்துக்கொண்டார். நூறு வயது நிறைந்தபின் 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பரமபதித்தார். அவர் சிகிச்சையை மறுத்ததை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. எலும்பு முறிந்தால் மருத்துவரிடம் செல்வதே நமக்கு முறை. நாம் கொள்ள வேண்டியது அவருடைய அடிப்படைக் கொள்கையை. பயிற்சிக்காக மனிதன் அன்று, மனிதனுக்காகவே பயிற்சி. அவரவர் வயது, உடல்நிலை, தொழில், வாழும் இடம் ஆகியவற்றுக்கு ஏற்ப அது அமைதல் வேண்டும் என்று அவர் கற்பித்தார். மூச்சுக்கு இசைய உடல் அசைய வேண்டும், உடலின் அவசரத்துக்கு மூச்சை இழுக்கலாகாது என்பது அவர் முறை.

அவருடைய மைத்துனரும் மாணவருமாகிய பி.கே.எஸ். அய்யங்கார் இளமையில் நோய்கள் பலவற்றால் நலிந்து மெலிந்த பிள்ளை. ஆயினும் 95 ஆண்டுகள் வாழ்ந்து 2014இல் மறைந்தார். ருஷியப் பேரரசின் ரீகா நகரில் 1899இல் பிறந்து, மைசூருக்கு வந்து அவரிடம் பயின்ற இந்திரா தேவி என்னும் மாது 102 வயது வரை வாழ்ந்து 2002இல் மறைந்தார்.

எண்ணிக்கை காட்டும் உண்மை

நான்கைந்து பேர் நெடுங்காலம் வாழ்ந்தனர் என்பதைக் கொண்டே முடிவு கட்டலாகாது. எம்பெருமானார் 120 ஆண்டுகளும் வேதாந்த தேசிகன் 101 ஆண்டுகளும் எழுந்தருளியிருந்தனர் என்று போற்றுகிறோம். மணவாள மாமுனிகள் எழுந்தருளியிருந்தது 73 ஆண்டுகளே. அதனால் அவர் பெருமை ஒரு சிறிதும் குறைந்ததில்லை. ஆயுள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக அமைகிறது. ஆயிரக்கணக்கானவர்களை ஒருங்கே நோக்கினால்தான் பழக்கத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு புலப்படும்.

அத்தகைய ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அலமேடா என்னும் மாவட்டத்தில் 1965ஆம் ஆண்டில் 6,928 பேரிடம் அவர்களுடைய அன்றாடப் பழக்கங்களைக் கேட்டறிந்து, பின்னர் அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். இதனை நடத்தியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் லெஸ்டர் பிரெஸ்லோ. அவர்கள் எடுத்துக்கொண்ட பழக்கங்கள் ஏழு: நாள்தோறும் ஏழு அல்லது எட்டு மணி நேர உறக்கம், காலை உணவு தவறாமை, இடைத்தீனி தவிர்த்தல், உயரத்துக்கேற்ற எடை, உடற்பயிற்சி, புகை பிடியாமை, மது அருந்தாமை அல்லது மிகக் குறைத்தல்.

அவர்கள் கண்ட முடிவு வியப்புக்குரியது. நாற்பத்தைந்து வயதுள்ள ஆடவருள் இவற்றில் ஆறோ ஏழோ உடையவர்கள், மூன்றும் அதற்குக் குறைவும் உடையவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 11 ஆண்டுகள் மிகுதியாக வாழ எதிர்பார்க்கலாம் என்று தெரியவந்தது. காலை உணவும் இடைத்தீனியும் மற்ற ஐந்தினைப்போல் அத்துணை வலிமை உடையவை அல்ல என்று பிற்கால ஆய்வு காட்டியது. ஏனைய ஐந்தும் உறுதியாக நின்றன. இந்த ஏழில் விலை கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றேனும் உண்டா என்று பாருங்கள். ஏழைக்கும் செல்வர்க்கும் இவை பொது. அவற்றைக் கற்பித்த பிரெஸ்லோ தாமும் 97 வயது வரை வாழ்ந்து 2012இல் மறைந்தார்.

இனி, இந்நெறியை நம் நாட்டு வாழ்வில், நம் கோயில் ஒழுங்கோடு இணைத்துக் கைக்கொள்ளும் வகையை நோக்குவோம்.

துயிலும் விழிப்பும்

சூரியோதயத்துக்கு நான்கு நாழிகை முன்னர்த் தொடங்குவது பிராம்ம முகூர்த்தம். அப்போது எழுதல் நன்று என்று பெரியோர் விதித்தனர். அவர்கள் இரவில் விளக்கணைத்த நேரத்தை நாம் மறந்துவிடுகிறோம். பதினோரு மணி வரை தொலைக்காட்சியும் கைப்பேசியும் பார்த்துவிட்டு நான்கரை மணிக்கு எழுந்தால், அது விரதம் ஆகாது. உறக்கக் கடன் ஆகும். ஏழு மணி நேரம் உறங்கியபின் எழும்படி இரவுப் படுக்கையை முன்னதாக அமைத்துக்கொள்வதே முறை. பெருமாளுக்கே நாள்தோறும் குறித்த வேளையில் திருப்பள்ளியறை சேவை நடக்கிறதே! திருவிழா நாட்களில் இரவுப் புறப்பாட்டுக்காகக் கண் விழிக்க நேர்ந்தால், மறுநாள் நண்பகலில் சிறிது படுத்து ஈடுசெய்துகொள்க. முதியோர் இதில் நாணம் கொள்ள வேண்டுவதில்லை.

உணவும் பிரசாதமும்

நம்முடையது காவிரிப் பாசன நாடு. நெல்லே நம் செல்வம். இலை நிறையச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டிக் கறியும் என்பது நம் வழக்கமாகிவிட்டது. கழனியில் நாள் முழுதும் உழைத்தவர்க்கு அது தகும். நாற்காலியில் அமர்ந்திருப்பவர்க்குத் தகாது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி உணவு உண்பவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பருப்பு வகை 85 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி லிட்டர் என்ற அளவில் வகுத்திருக்கிறது. தானியத்தைவிடக் காய்கறியின் எடை மிகுதியாக இருப்பதைக் காண்க. நம் இலையைத் தலைகீழாகத் திருப்பியதுபோன்ற ஏற்பாடு இது. ஒரே நாளில் இதனைச் செய்ய இயலாது. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து ஒரு கரண்டிக் கீரையைக் கூட்டுவதை இன்றே தொடங்கலாம்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர்மிளகாய் இவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். இரத்தக் கொதிப்புடையவர்கள் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

பிரசாதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அபசாரமாகக் கொள்ளற்க. சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் அக்காரவடிசிலும் பெருமாள் அமுது செய்தபின் நமக்கு அருளாக வருகின்றன. அருளுக்கு அளவில்லை; வயிற்றுக்கு அளவு உண்டு. வலக்கையைக் குவித்து ஏந்தி, அதில் விழுந்த சிறுபகுதியைக் கண்ணில் ஒற்றி உண்பதே பிரசாதம் பெறும் பழைய முறை. தொன்னை தொன்னையாக வாங்கி உண்பது பிற்கால வழக்கம். சர்க்கரை நோயுடையவர் ஒரு விரற்கடை அளவு வாயிலிட்டு, எஞ்சியதை அருகில் நிற்கும் குழந்தைக்கு அளித்தால், அருளும் குறையாது, உடலும் கெடாது. அடியேன் இதனையே செய்து வருகிறேன்.

ஏகாதசி விரதம்

பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை வயிற்றுக்கு ஓய்வளித்து, மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் இவற்றுடன் பாரணை செய்யும் ஏற்பாடு நம் முன்னோரின் மதிநுட்பத்துக்குச் சான்று. கீரையையும் நெல்லியையும் மறந்தவர்களுக்கும் மாதம் இருமுறை அவை கட்டாயமாயின. ஆயினும் விரதத்துக்கு முன்னாளும் பின்னாளும் இருமடங்கு உண்பவர், ஏரியைத் தூர்த்துவிட்டுக் கரையை உயர்த்துபவர்க்கு ஒப்பாவார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. இன்சுலின் ஊசியோ சர்க்கரை குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கலவாமல் முழுப்பட்டினி இருத்தலாகாது. மருந்து தன் வேலையைச் செய்யும். உணவு இல்லாமையால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வியர்த்து மயங்கி விழ நேரும். சிலபோது உயிருக்கே இறுதியாகும். எட்டு வயதுக்குக் குறைந்தோர்க்கும் எண்பது வயதைக் கடந்தோர்க்கும் ஏகாதசி விதியில் விலக்கு உண்டு. பிணியாளர் எளிய பலகாரம் கொள்வதற்கும் இடம் உண்டு. சாஸ்திரமே இரங்கும் இடத்தில் நாம் பிடிவாதம் கொள்வது தகாது.

நடையும் வலமும்

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், மிதமான வேகத்தில் நடத்தல் முதலிய உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. நம் கணக்கில் ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். நாளொன்றுக்கு ஒரு நாழிகை நடந்தால் ஏழு நாளில் 168 நிமிடம் ஆயிற்று, விதி நிறைவேறிவிட்டது. அறுபது நாழிகையில் ஒரு நாழிகை! அதனைப் பெருமாள் திருமதிலைச் சுற்றிப் பிரதட்சிணமாகச் செய்தால் ஒரே செயலில் இரு பயன். பேசலாம், பாட முடியாது என்னும் அளவு மூச்சு வேகமாதல் நடைக்கு உரைகல். படிகளில் ஏறி இறங்குதல், துளசிச் செடிக்கு நீர் சுமத்தல், கோலமிடுதல், உழவாரப்பணி ஆகியனவும் உடலுழைப்பே. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, தோள் பட்டையில் வலியோ, காரணமற்ற மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே நின்றுவிடுக. அதனை வாயு என்று தள்ளாமல் மருத்துவமனைக்கு விரைக.

விடவேண்டியவை

லால்பேட்டை என்றதும் வெற்றிலையை நினையாதவர் இல்லை. மங்கலப் பொருளாகிய வெற்றிலையை அடியேன் பழிக்கவில்லை. அதனைப் பயிரிட்டு வாழும் அன்பர்கள் நம் அண்டை அயலார். தீங்கு அதனோடு கூடுவனவற்றில் இருக்கிறது. புகையிலை புற்றுநோய் தரும் என்பதை யாவரும் அறிவர். புகையிலை சேராத கொட்டைப்பாக்கும் புற்றுநோய் விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2003ஆம் ஆண்டு கூட்டத்தில் உறுதி செய்தது. இதனை அறிந்தவர் சிலரே. நாள் முழுதும் கன்னத்தில் அடக்கி வைப்பது பெருங்கேடு. வாயில் ஆறாத புண்ணோ வெண்தழும்போ தோன்றினால், வாய் திறக்க இயலாமல் இறுகினால், காலம் தாழ்த்தாமல் காட்டுதல் வேண்டும். தாம்பூலம் பெருமாளுக்கும் விருந்தினர்க்கும் மரியாதையாக விளங்கட்டும். நமக்கு அது பழக்கமாகாதிருக்கட்டும். மது எவ்வளவு குறைந்த அளவிலும் தீங்கற்றது என்று சொல்ல இயலாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்திருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அளவு என்னும் நம் நெறி புகைக்கும் புகையிலைக்கும் மதுவுக்கும் பொருந்தாது. அவற்றுக்கு உரிய அளவு சுழியமே.

கோஷ்டியும் ஒரு மருந்து

முன்னர்க் கூறிய அலமேடா ஆராய்ச்சியிலேயே மற்றொரு செய்தி 1979இல் வெளிவந்தது. குடும்பம், நட்பு, வழிபாட்டுக் குழு, ஊர்ச்சங்கம் என்னும் உறவுகள் மிகக் குறைந்தவர்கள், அவை மிகுந்தவர்களைக் காட்டிலும் இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாக இறந்தனர் என்பதே அது. தனிமை உடலையும் தின்னும் என்பது இதனால் விளங்குகிறது. நம் சம்பிரதாயம் தனித்து அனுபவிப்பதைவிடக் கூடியிருந்து அனுபவிப்பதையே உயர்வாகச் சொல்லும். கோஷ்டியில் ஒருவர் வரவில்லையெனில் ஏன் வரவில்லை என்று கேட்க நால்வர் இருப்பர். பிள்ளைகள் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் இக்காலத்தில், வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்கு அந்த ஒரு கேள்வியே பாதி மருந்து. கட்டிலில் கிடக்கும் அடியேன் நண்பரிடம் சென்று, வாரம் ஒருநாள் அருகே அமர்ந்து பாசுரம் சேவித்து வருகிறேன். முதலில் அவர் கண்ணீர் மட்டும் உகுத்தார். இப்போது அடிகளின் இறுதிச் சொல்லை அவரும் உடன் சொல்ல முயல்கிறார்.

பரிசோதனை

ஏரியின் மட்டத்தை அளவுகோல் கொண்டு நாள்தோறும் பார்ப்பதுபோல், உடலின் மட்டத்தையும் இடையிடையே பார்த்தல் வேண்டும். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் தொடக்கத்தில் வலியோ வேதனையோ தருவதில்லை. அளந்து பார்த்தாலன்றித் தெரிவதில்லை. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறையேனும் இவ்விரண்டையும் பார்த்துக்கொள்வது நன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ் இவ்விரு நோய்களுக்கும் மருந்து வீட்டுக்கே கொண்டுவந்து தரப்பட்டது. நோய் கண்டபின் மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது, மதகைப் பூட்டிவிட்டு வெள்ளத்தை எதிர்நோக்குவது போலாகும். பழக்கமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்று மற்றொன்றுக்குத் துணை.

இனி ஒரு விண்ணப்பம்

அன்பர்களே! இவ்வளவையும் ஒருங்கே மேற்கொள்ள முயன்று, பத்தாம் நாள் அனைத்தையும் விட்டுவிடாதீர்கள். ஏரியை ஒரே இரவில் எவரும் வெட்டவில்லை. திருவிழாவிலிருந்து வீடு திரும்பும்போது ஒன்றை மட்டும் சங்கற்பமாகக் கொண்டு செல்லுங்கள். ஒரு நாழிகை நடை என்றாலும் சரி, ஒரு கரண்டிக் கீரை என்றாலும் சரி, முன்னதாக விளக்கணைத்தல் என்றாலும் சரி. அது ஒரு மண்டலம் நிலைத்து வேரூன்றியபின் அடுத்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீராணத்துக்கு ஆதியில் 74 மதகுகள் இருந்தன என்றும், அவற்றின் வழியே நீர் பாய்ந்து நாடு செழிப்பதைக் கண்ட எம்பெருமானார், அருள் நீர் எங்கும் பாய 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தருளினார் என்றும் பெரியோர் கூறுவர். தேங்கியிருக்கும் நீரால் பயனில்லை. அளவோடு பாயும் நீரால்தான் பயன். நமக்குக் கிடைக்கும் ஆயுளும் அத்தகையதே. எவ்வளவு காலம் வாழ்வோம் என்பது எம்பெருமான் திருவுள்ளம். வாழும் காலத்தில் காலூன்றி நடக்கவும், வாயாரப் பாடவும், பிறர்க்கு ஒரு கை உதவவும் தக்க நிலையில் உடலை வைத்துக்கொள்வது நம் கைங்கரியம்.

அடுத்த ஆண்டும் இதே விடியற்காலையில், இதே ஏரிக்கரையில் சந்திப்போம். இவ்வாண்டு வாராத நண்பர்களுள் காலிழந்தவரை வண்டியில் ஏற்றியேனும் அழைத்துவர அடியேன் உறுதி பூண்டிருக்கிறேன். நீங்களும் வராதிருந்த ஒருவரை உடன் அழைத்து வாருங்கள்.